25 பாண்ட் படங்கள்: எதில் தொடங்குவது, எதைக் கவனிப்பது?

கேள்வி இப்படி இருந்தது: "ஸ்கைஃபால் பார்த்தேன், பிடித்தது. ஆனால் பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களை எடுத்தால் மெதுவாகப் போகின்றன, கதையும் ஒன்றுபோலவே இருக்கிறது. ரசிகர்கள் எதைத்தான் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்? 25 படங்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" படங்களின் வரிசையைக் கேட்பதுபோல் இருந்தாலும், இந்தப் படங்களில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி. அது புரிந்துவிட்டால் வரிசை தானாக அமைந்துவிடும். எனவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

கதை ஒன்றுபோல இருக்கிறது என்பதை மறுக்கவே வேண்டாம். 1962-இல் வந்த டாக்டர் நோ முதல் 2021-இல் வந்த நோ டைம் டு டை வரை, ஓர் ஆபத்தான பணக்காரன், அவனுடைய மறைவிடம், அதற்குள் நுழையும் உளவாளி என்ற எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. இந்தத் தொடரை அறுபது ஆண்டுகள் தாங்கி நின்றது வேறொன்று. ஒரு மனிதர் நிஜமாகவே செய்த ஒரு காரியத்தை, கேமராவைத் தள்ளி வைத்து, கட் செய்யாமல், முழுதாகக் காட்டும் துணிச்சல் அது. எடிட்டிங் மேசையில் சண்டைக் காட்சிகளோடு பழகிய கண்ணோடு இதைச் சொல்கிறேன். படப்பிடிப்பில் நடந்தவை பற்றி இங்கே வருபவை, செய்தவர்களே வெளிப்படையாகப் பலமுறை பேசியவை. யார் சிறந்த பாண்ட் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அது அவரவர் ருசி.

ஒரே ஒரு ஷாட்டைப் பார்த்தால் போதும் என்றால், 1977-இல் வந்த தி ஸ்பை ஹூ லவ்டு மீ படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பாண்ட் பனிச்சறுக்கில் தப்பி ஓடுகிறார், மலையின் விளிம்பு வருகிறது, நிற்காமல் அப்படியே வெளியே பாய்கிறார். கதைப்படி அது ஆல்ப்ஸ். ஆனால் அந்தப் பாய்ச்சல் எடுக்கப்பட்டது கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவிலுள்ள அஸ்கார்ட் மலையில், 1976 ஜூலையில். 2,000 மீட்டரைச் சற்றே தாண்டும் உயரம், மேசையைப் போலத் தட்டையான உச்சி, பக்கங்கள் செங்குத்தான பாறைச் சுவர். அப்போது பாண்டாக நடித்த ரோஜர் மூருக்கு டூப் போட்டுக் குதித்தவர் ரிக் சில்வெஸ்டர். இவர் 1972-இலேயே அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து பனிச்சறுக்குக் கட்டைகளோடு குதித்துப் பாராசூட்டில் இறங்கியவர். அந்தப் பகுதியை எடுத்த இரண்டாம் யூனிட்டின் (முதன்மைக் குழுவிலிருந்து பிரிந்து தனியாகப் படமெடுக்கும் குழு) இயக்குநர் ஜான் க்ளென். பின்னாளில் 1981 முதல் 1989 வரை தொடர்ந்து ஐந்து பாண்ட் படங்களை இயக்கியவரும் இவரே.

அதில் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக யோசித்துப் பாருங்கள். முதலில், விளிம்பை விடும்போது போதுமான வேகம் இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் உடல் சுவரை ஒட்டியே விழும். அடுத்து, காற்றில் இருக்கும்போதே இரண்டு கட்டைகளையும் காலிலிருந்து கழற்ற வேண்டும். நீளமான கட்டைகள் காலில் இருந்தால் காற்று அவற்றைப் பிடித்து உடலைச் சுழற்றிவிடும், சுழலும் உடலிலிருந்து பாராசூட்டை விரித்தால் கயிறுகள் சிக்கிக்கொள்ளும். கழற்றியபின் உடலை நிலைப்படுத்திச் சுவரைவிட்டு விலக வேண்டும். அதன் பிறகுதான் பாராசூட். இதற்கெல்லாம் கிடைக்கும் நேரமோ கொஞ்சம். விழத் தொடங்கிய முதல் 5 நொடிக்குள்ளேயே ஒருவர் 100 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுவார்.

படத்தைக் கவனமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். பாராசூட் விரியும் தருணத்தில், கழன்று விழும் கட்டைகளில் ஒன்று மேலிருந்து வந்து அதில் மோதுகிறது. துணி மடங்கியிருந்தாலோ கயிற்றில் கட்டை சிக்கியிருந்தாலோ அந்த மனிதர் பிழைத்திருக்க மாட்டார். அந்த மோதலை அவர்கள் வெட்டி எறியவில்லை, படத்திலேயே இருக்கிறது. இன்னொரு விஷயம், பல கேமராக்கள் வைத்திருந்தும் முக்கியமான ஹெலிகாப்டர் கேமரா அவரைத் தவறவிட்டுவிட்டது. பாய்ச்சலை முழுதாகப் பிடித்தது ஒரே கேமராதான். திரையில் நாம் பார்க்கும் அந்த ஒற்றை, நீண்ட ஷாட் அதிலிருந்து வந்தது. திட்டமிட்டபடி எல்லாக் கேமராக்களும் பிடித்திருந்தால் ஒருவேளை நாலு கோணத்தில் வெட்டிக் காட்டியிருப்பார்கள், இந்த வலிமை வந்திருக்காது என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

இப்போது அதே காட்சியைக் காதால் கேளுங்கள். துரத்தல் முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்த இசை, கால் விளிம்பை விட்டதும் நின்றுவிடுகிறது. இசையே இல்லாமல் ஒரு மனிதர் விழுந்துகொண்டே இருக்கிறார். பாராசூட் விரிகிறது, பிரிட்டனின் கொடி தெரிகிறது, அந்த நொடியில்தான் பாண்டின் தீம் வெடிக்கிறது. இசையைத் தொடர்ந்து ஓடவிட்டிருந்தால் அது இன்னொரு சாகசக் காட்சி, அவ்வளவுதான். நிறுத்தியதால், பார்ப்பவர் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். எடிட்டிங் கற்பவர்களுக்கு இந்த ஒரு நிமிடத்தைப் பாடமாகவே வைக்கலாம்.

இதற்கு நேர் எதிரான பாடம் 1974-இல் வந்த தி மேன் வித் தி கோல்டன் கன் படத்தில் இருக்கிறது. தாய்லாந்தில் ஒரு கால்வாய், அதன்மேல் இடிந்த பாலம். ஏஎம்சி ஹார்னெட் கார் ஒன்று வேகமாக வந்து, அந்தரத்தில் திருகாணிபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுகரையில் சக்கரங்கள் பதிய இறங்குகிறது. கயிறு இல்லை, மினியேச்சர் எனப்படும் சிறிய மாதிரியும் இல்லை. முதல் டேக்கிலேயே கிடைத்த ஷாட். அமெரிக்காவின் கார்னெல் ஏரோநாட்டிகல் லேபரட்டரியில் கார்கள் விபத்தில் எப்படி நகரும் என்று கணக்கிட எழுதிய கணினி நிரலை வைத்து இந்தத் தாவலை வடிவமைத்தார்கள். 1972-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் பார்வையாளர்கள் முன் செய்தும் காட்டிவிட்டார்கள். படத்துக்காக அது கால்வாய்க்கு வந்தது.

அதன் கணக்கு எளிமையானது, ஆனால் இரக்கமில்லாதது. சரிவுப்பலகை சமமாக இல்லாமல் முறுக்கி இருக்கும். கார் அதைக் கடக்கும்போது ஒரு பக்கம் மற்றதைவிட அதிகமாக உயர்த்தப்படுவதால் உருளும் சுழற்சி கிடைக்கிறது. பலகையை விட்டபின் ஓட்டுநரால் எதையும் மாற்ற முடியாது. உருளும் வேகமும் காற்றில் இருக்கும் நேரமும் சேர்ந்து சரியாக 360 பாகை வர வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தால் சுற்று முடியாமல் பக்கவாட்டில் விழும், கூடினால் சுற்று மிஞ்சி மறுபக்கம் சாயும். தேவையான வேகம் மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர்தான், நம் நெடுஞ்சாலையில் பேருந்து போகும் வேகம். எடை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஸ்டியரிங்கையும் ஓட்டுநர் இருக்கையையும் காரின் நடுவுக்கு மாற்றினார்கள். கார் கால்வாயில் விழுந்தால் ஓட்டுநரை மீட்க நீச்சல் வீரர்களும் கிரேனும் ஆயத்தமாக நின்றிருந்தார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, கார் சுற்றும் அந்த நொடியில் பீப்பி ஊதுவதுபோல ஒரு சத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். சினிமா பார்த்திராத ஒன்றைப் பார்க்கிறோம் என்ற வியப்பு, சர்க்கஸ் கோமாளித்தனமாகச் சுருங்கிவிட்டது. இசையமைப்பாளர் ஜான் பேரியே பின்னாளில் அதற்காக வருந்தியிருக்கிறார். இந்தத் தொடரில் எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம் இது. அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியோடும், ஒருமுறை ஒலியை முழுவதும் அணைத்தும் பாருங்கள். ஒலி ஒரு ஷாட்டை எவ்வளவு கெடுக்கும் என்பது உடனே விளங்கும்.

காரை உருட்டுவதில் நேர் எதிரான சிக்கல் 2006-இல் வந்த கேசினோ ராயல் படத்துக்கு வந்தது. இருட்டில் பாண்ட் விரட்டிக்கொண்டு போகிறார், சாலை நடுவே கட்டிப்போடப்பட்ட பெண், ஸ்டியரிங்கை ஒடிக்கிறார், கார் உருள வேண்டும். ஆனால் ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎஸ் தாழ்வான, அகலமான கார். ஒரு வண்டி கவிழ வேண்டுமென்றால் அதன் எடைமையம் ஒரு பக்கச் சக்கரங்களின் கோட்டைத் தாண்டி மேலே வர வேண்டும். எடைமையம் தரைக்கு அருகில் இருந்தால் வண்டி சறுக்கிக்கொண்டு போகுமே தவிரக் கவிழாது. அதனால் இங்கிலாந்தின் மில்புரூக் சோதனைத் தளத்தில் சாலையின்மேல் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சரிவு அமைத்தார்கள். அதோடு நிறுத்தாமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் காற்றழுத்தத்தில் வெடிக்கும் ஒரு பீரங்கியைப் பொருத்தினார்கள். சரிவில் ஏறும் அதே நொடியில் அதை இயக்கினால், அந்த உதைப்பின் எதிர்விசை காரைத் தூக்கி உருட்டும். ஓட்டியவர் ஆடம் கெர்லி. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கார் ஏழு முறை உருண்டது. கின்னஸ் சாதனையாகப் பதிவானது. உள்ளே இருந்தவர் நடந்து வெளியே வந்தார்.

ஆக, ஒரு ஷாட்டில் நிஜம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழகினால் எளிது. முதலில் அகலத்தைப் பாருங்கள். செய்பவரும் அவரைச் சுற்றியுள்ள இடமும் ஒரே ஷாட்டில் தெரிந்து, தொடங்கியது முதல் முடிவது வரை கட் வரவில்லை என்றால் பெரும்பாலும் நிஜம். நடிகரின் முகம் பெரிதாகத் தெரியும் ஷாட்டில் பின்னணி மட்டும் ஓடினால் அது ஸ்டுடியோ. எங்கே கட் வருகிறதோ அங்கேதான் தையல் இருக்கும். 1971-இல் வந்த டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர் இதற்கு நல்ல உதாரணம். லாஸ் வேகாஸில் ஒரு குறுகிய சந்துக்குள் மஸ்டாங் கார் இரண்டு சக்கரங்களில் சாய்ந்தபடி நுழைகிறது. நுழையும்போது வலப்பக்கச் சக்கரங்கள் தரையில், வெளியே வரும்போது இடப்பக்கச் சக்கரங்கள் தரையில்! இரண்டும் தனித்தனியே எடுத்த நிஜமான ஷாட்டுகள், ஆனால் பொருந்தவில்லை. அதைச் சமாளிக்க, சந்துக்குள் கார் மறுபக்கம் சாய்வதுபோல ஓர் உள்ஷாட்டை இடையில் செருகினார்கள். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் சும்மா சுழன்றுகொண்டிருந்தால் தரையிலிருக்கும் சக்கரத்துக்கு இழுவை கிடைக்காது என்பதால், இப்படி ஓட்டும் கார்களில் டிஃபரென்ஷியலை (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரப் பெட்டி) பூட்டிவிடுவதும், எடை தாங்கும் பக்க டயர்களில் காற்றை வழக்கத்தைவிட அதிகம் ஏற்றுவதும் ஸ்டண்ட் ஓட்டுநர்களின் பொது வழக்கம்.

கண்ணெதிரே நடந்தும் பலர் கவனிக்காத தந்திரம் ஒன்று 1983-இல் வந்த ஆக்டோபஸி படத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. பாண்ட் ஒரு குட்டி ஜெட் விமானத்தில் ஒரு ஹேங்கருக்குள் (விமானம் நிறுத்தும் கொட்டகை) நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறார். விமானம் நிஜம், பிடி-5ஜே ரகம், வானில் ஓட்டியவர் கார்க்கி ஃபோர்னாஃப். ஹேங்கருக்குள் ஓடியதோ, கூரை வெட்டப்பட்ட ஒரு பழைய ஜாகுவார் கார். அதன்மேல் ஒரு கம்பம், கம்பத்தின் நுனியில் விமானம். கேமராவுக்கும் காருக்கும் நடுவே ஆட்களும் தளவாடங்களும் நிற்பதால் கீழே கார் தெரிவதில்லை. அங்கே ஓடித் திரியும் வீரர்களெல்லாம் வெறும் கூட்டம் இல்லை, காரை மறைக்க நிற்கும் திரை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ரசனை குறையாது, கூடும்.

நோ டைம் டு டை படத்தில் இத்தாலியின் மத்தேரா நகரச் சந்துகளில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரை டேனியல் கிரெய்க் ஓட்டுவதாகத் தெரியும் சில ஷாட்டுகளில், நிஜ ஓட்டுநர் கூரைமேல் பொருத்திய கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிறார். கீழே இருக்கும் ஸ்டியரிங் வெறும் தோற்றம். ஆனால் கார் உண்மையிலேயே அந்த வேகத்தில் திரும்புவதால் நடிகரின் தலையும் தோளும் சரியான திசையில் சாய்கின்றன. ஸ்டுடியோவில் இதைப் பொய்யாகச் செய்தால் உடல் சாய்வதற்கும் வெளிச்சம் நகர்வதற்கும் இடையே இசைவு இருக்காது. மோதி நொறுங்கப் போகும் வேலைகளுக்கு 1960-களின் அசல் கார்களைத் தரமாட்டார்கள் அல்லவா? அதற்கென்று கார்பன் ஃபைபர் உடலோடு பிரதிகள் செய்தார்கள்.

மினியேச்சர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மாதிரிகள் செய்வதில் வல்லவரான டெரெக் மெடிங்ஸ் செய்தவை தனி வித்தை. தி ஸ்பை ஹூ லவ்டு மீ படத்தில் நீர்மூழ்கிகளை விழுங்கும் எண்ணெய்க் கப்பலை 19 மீட்டர் நீள மாதிரியாகச் செய்து பஹாமாஸில் நிஜக் கடலில் ஓடவிட்டார். ஏன் அவ்வளவு பெரிதாக? தண்ணீரைச் சுருக்க முடியாது. அலையின் நுரையும் துளியும் அதே அளவில்தான் இருக்கும். சின்னத் தொட்டியில் சின்னக் கப்பலை விட்டால், துளிகள் பெரிதாகத் தெரிந்து பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். கூடவே, மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ அதன் வர்க்கமூலம் அளவுக்குக் கேமராவை வேகமாக ஓட்ட வேண்டும். பதினாறில் ஒரு பங்கு மாதிரி என்றால் நான்கு மடங்கு, அதாவது நொடிக்கு 24-க்குப் பதில் 96 ஃபிரேம். அப்போதுதான் அசைவில் கனம் தெரியும். அதே கப்பலின் உள்பக்கத்துக்காகத்தான் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் 007 ஸ்டேஜ் என்ற மாபெரும் அரங்கம் கட்டப்பட்டது. அரங்க அமைப்பாளர் கென் ஆடம். 1967-இல் இவர் யூ ஒன்லி லிவ் ட்வைஸ் படத்துக்குப் போட்ட எரிமலை செட்டின் செலவு ஏறக்குறைய 10 லட்சம் டாலர். முதல் படமான டாக்டர் நோவுக்கு ஆன மொத்தச் செலவே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு ஷாட்டின் பின்னால் எவ்வளவு உழைப்பு என்பதற்கு 1979-இல் வந்த மூன்ரேக்கரைச் சொல்லலாம். பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து தள்ளப்படும் பாண்ட், அந்தரத்திலேயே இன்னொருவனிடமிருந்து பாராசூட்டைப் பறிக்கிறார். ஜேக் லம்பார்டும் பி.ஜே. வொர்த்தும் சேர்ந்த குழு அதற்காக 88 முறை குதித்தது. ஒவ்வொரு குதிப்பிலும் படத்துக்கு உதவுவது சில நொடிகளே. டூப்பைப் பத்திரமாக இறக்கும் மெல்லிய பாராசூட்டை அவர் அணிந்த கோட்டுக்குள்ளேயே மறைக்க வேண்டியிருந்தது. படம் பிடிப்பவரும் கூடவே விழுந்துகொண்டிருந்ததால், பாராசூட் விரியும் உலுக்கலைக் கழுத்து தாங்கும் அளவுக்கு எடை குறைந்த கேமராவைத் தலைக்கவசத்தில் பொருத்தினார்கள். படம் முழுதாகப் பிடிக்காவிட்டாலும் அந்தச் சில நிமிடங்களை விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது விலையையும் சொல்லியாக வேண்டும். யூ ஒன்லி லிவ் ட்வைஸ் படத்துக்காக ஜப்பானில் வான்காட்சி எடுத்தபோது இரண்டு ஹெலிகாப்டர்கள் நெருங்கி மோதியதில் ஒளிப்பதிவாளர் ஜானி ஜோர்டான் ஒரு பாதத்தை இழந்தார். 1981-இல் வந்த ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி படத்தின் பனிச்சறுக்குவண்டிக் காட்சியில், இத்தாலியின் கோர்ட்டினாவில், பாவ்லோ ரிகோன் என்ற இளம் ஸ்டண்ட் கலைஞர் உயிரிழந்தார். ஆக்டோபஸியில் ரயிலின் பக்கவாட்டில் தொங்கியபடி டூப் போட்ட மார்ட்டின் கிரேஸ், தூணில் மோதி இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். தண்டவாளத்தில் முன்கூட்டியே சோதித்து வைத்த பகுதியைத் தாண்டி ரயில் போய்விட்டதுதான் காரணம். சாகசத்தில் துணிச்சலைவிட அளவெடுப்பதுதான் முக்கியம் என்று ஸ்டண்ட் மாஸ்டர்கள் சொல்வது இதனால்தான்.

அளவெடுத்துச் செய்ததற்கு உதாரணமும் ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி படத்திலேயே இருக்கிறது. கிரேக்கத்தின் மெட்டியோராவில், துறவிமடங்கள் நிற்கும் பாறைத் தூண்களில் ஒன்றில் பாண்ட் ஏறும்போது பிடி நழுவி விழுகிறார், கயிறு பிடித்துக்கொள்கிறது. விழுந்தவர் மீண்டும் அதே ரிக் சில்வெஸ்டர். கயிறு முழு நீளத்தை எட்டித் திடீரென்று நின்றால் அந்த வெட்டிழுப்பே முதுகெலும்பை முறித்துவிடும். அதனால் டெரெக் மெடிங்ஸ், கேமராவுக்குத் தெரியாத மேல்பகுதியில் ஒரு நீண்ட தொட்டியில் மணல்மூட்டைகளை அடுக்கிக் கயிற்றின் மறுமுனையை அவற்றோடு பிணைத்தார். விழும் உடலின் வேகம், மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுபடுவதில் கரைந்துபோகும். திரையில் பார்ப்பவருக்கோ கயிறு சட்டென்று இறுகியது மட்டும் தெரியும்.

சறுக்கிய இடங்களையும் சொல்கிறேன். 2002-இல் வந்த டை அனதர் டே படத்தில் பாண்ட் பேரலையின்மேல் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு சறுக்கும் காட்சி பெரும்பாலும் கணினியில் செய்தது. வரைகலை அன்றைக்கே தேறவில்லை. அதைவிட முக்கியம், அங்கே யாருக்கும் எதுவும் ஆகாது என்று பார்ப்பவர் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. 2008-இல் வந்த குவாண்டம் ஆஃப் சோலஸ் வேறு வகைத் தவறு. தொடக்கக் கார் துரத்தலில் இத்தாலியின் கார்டா ஏரிக்கரைச் சாலையில் நிஜக் கார்கள், நிஜ வேகம், நிஜ ஆபத்து. ஆனால் கண் ஒரு ஷாட்டில் நிலைகொள்ளும் முன்பே அடுத்த கட் வந்துவிடுகிறது. யார் எங்கே இருக்கிறார், யார் யாரை இடித்தார் என்பது பிடிபடவில்லை. உயிரைப் பணயம் வைத்துச் செய்ததைக் காட்டாமல் விட்டால் செய்தவர்களுக்கு என்ன மரியாதை?

"கணினி வரைகலையே இல்லை" என்று அண்மைக்காலப் படங்களின் விளம்பரத்தில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். பாதுகாப்பு ரோப்பை அழிப்பது, பின்னணியை நீட்டுவது, டூப்பின் முகத்தை மாற்றுவது எல்லாம் இன்று அன்றாட வேலை. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ரோப்பைக் கணினியில் அழிக்கலாம் என்பதால்தான் இன்று ஸ்டண்ட் கலைஞர்களைத் தடிமனான, உறுதியான ரோப்பில் கட்ட முடிகிறது. நம்ப வேண்டாதது இன்னொன்றும் உண்டு. கோல்டுஃபிங்கர் படத்தில் உடல் முழுக்கத் தங்கப் பூச்சுப் பூசப்பட்ட நடிகை மூச்சுமுட்டி இறந்துவிட்டார் என்ற கதை முழுப் பொய். அந்த நடிகை ஷெர்லி ஈட்டன் அதன்பிறகும் படங்களில் நடித்தார். மனிதர் தோல் வழியாக மூச்சு விடுவதில்லை. வியர்வை அடைபட்டு உடல் சூடேறுவதுதான் அதிலுள்ள உண்மையான ஆபத்து.

பழைய படங்கள் மெதுவாக இருக்கின்றன என்றீர்கள். 1963-இல் வந்த ஃப்ரம் ரஷ்யா வித் லவ் படத்தின் ரயில் சண்டையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு சின்னப் பெட்டி, இரண்டு ஆட்கள், பாண்டாக ஷான் கானரியும் எதிரியாக ராபர்ட் ஷாவும். சண்டை நடக்கும்போது இசை கிடையாது. கண்ணாடி உடையும் சத்தம், மூச்சு, ரயிலின் தடதடப்பு மட்டும். எடிட்டர் பீட்டர் ஹன்ட், ஓர் அசைவு தொடங்கி முடியும்வரை காத்திருக்காமல், இடையிலுள்ள ஃபிரேம்களை உருவிவிட்டு அடுத்த அசைவுக்குத் தாவுவார். ஆனால் பார்வையின் திசை மாறாதபடி பார்த்துக்கொள்வார். அதனால் வேகம் கூடும், குழப்பம் வராது. குவாண்டம் தவறவிட்டது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

எனவே என் வரிசை இது. ஸ்கைஃபால் பிடித்ததால் முதலில் 2006-இன் கேசினோ ராயல். உங்கள் கண்ணுக்குப் பழகிய வேகம், அதே டேனியல் கிரெய்க். அடுத்து 1995-இன் கோல்டன்ஐ. ஸ்விட்சர்லாந்தின் வெர்சாஸ்கா அணையிலிருந்து 220 மீட்டர் உயரச் சுவரையொட்டி வெய்ன் மைக்கேல்ஸ் கயிற்றோடு குதிக்கும் தொடக்கக் காட்சிக்காகவே பார்க்கலாம். பிறகு தி ஸ்பை ஹூ லவ்டு மீ. அதன்பின் ஃப்ரம் ரஷ்யா வித் லவ். இவ்வளவு பார்த்த பிறகு பழைய படங்களின் நடை உங்களுக்குப் பழகியிருக்கும், அப்போது 1969-இன் ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ். பீட்டர் ஹன்ட்டே இயக்கியது, பனிமலைத் துரத்தல்கள் இன்றும் அசத்தும், கதையும் மற்றவற்றைவிட ஆழமானது. தொடரில் சிறந்தது இதுவே என்பது என் எண்ணம். பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர், டை அனதர் டே இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம்.

ஆக்டோபஸியை எந்த இடத்தில் வேண்டுமானாலும் செருகிக்கொள்ளுங்கள். உதய்ப்பூரில் எடுத்தது, சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாண்டின் கூட்டாளியாக வருகிறார், டென்னிஸ் மட்டையாலேயே அடிக்கிறார். ஆட்டோ துரத்தல் இருக்கிறது. இந்தியாவைக் காட்டும் விதத்தில் பாம்பாட்டியும் ஆணிப்படுக்கையும் எரிச்சலூட்டும், அதை நியாயப்படுத்த மாட்டேன்.

பார்க்கும் முறை பற்றி ஒன்று. இந்தக் காட்சிகளை இணையத்தில் துண்டு துண்டாக, வேறு இசை சேர்த்துப் போட்டிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் அஸ்கார்ட் மலையின் நிசப்தமே போய்விடும். முழுப்படத்தை, மூல ஒலியோடு, ஓரங்கள் வெட்டப்படாத அகலத் திரைப் பதிப்பில் பாருங்கள். அகலத்தை நறுக்கிவிட்டால் கார் பறக்கும்போது கரை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. தேடும்போது இன்னொரு கவனமும் வேண்டும். 25 என்ற கணக்கு இயான் நிறுவனம் எடுத்த படங்களுக்கு மட்டுமே. 1983-இல் ஷான் கானரி நடித்த நெவர் சே நெவர் அகெய்ன் அதில் சேராது. 1967-இல் கேசினோ ராயல் என்ற பெயரிலேயே ஒரு கேலிப்படமும் வந்திருக்கிறது, அதுவும் இந்தத் தொடரில் இல்லை. எடுக்கும்முன் ஆண்டு 2006-தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.